ஐம்பத்தெட்டு மஞ்சள் முடிச்சுகள்

எந்தக் கம்பளத்தையும் முதலில் முதுகுப்புறம் திருப்பிப் பார்ப்பது கார்மேகத்தின் வழக்கம். முகத்தைக் காட்டி விலை சொல்வது நெய்னா முகம்மதுவின் வேலை. முதுகைப் பார்த்து உண்மை சொல்வது தன் வேலை என்று கார்மேகம் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த உண்மையை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இருவருக்கும் துபாய் சத்வாவில் ஒரே கடை. முன்னால் விற்பனை, அதற்குப் பின்னால் பழுது பார்க்கும் அறை, அதற்கும் பின்னால் கம்பளம் கழுவும் முற்றம். முதல் இரண்டிலும் ஏசி இருந்தது. முற்றத்தில் சூரியன் இருந்தது. முதலாளி ஈரான்காரர். பெயர் என்னவோ, எல்லோருக்கும் அவர் ஹாஜிதான். நெய்னா கீழக்கரைக்காரர், இருபது வருஷமாக விற்பனை. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து 1999இல் கட்டட சைட் வேலைக்கு வந்த கார்மேகம், அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டதும் இங்கே முற்றத்துக்கு வந்து சேர்ந்து, ஐந்து கோடைகளை அங்கேயே கழித்தார். அழுக்கே பிடிக்காத மனிதர் அவர். அழுக்கு பிடிக்காதவர்களைத்தான் கழுவும் வேலைக்கு எடுப்பார்கள் போலிருக்கிறது.

அவர் முற்றத்திலிருந்து உள்ளே வந்த கதை சின்னது. ஒரு நாள் கம்பளி மூட்டை ஒன்று வாய் பிளந்துகொண்டது. கார்மேகம் கோணி ஊசியை எடுத்துத் தைத்து மூடினார். ஊரில் மிளகாய் மண்டியில் பத்து வருஷம் சாக்கு வாய் தைத்தவர். இழை ஒவ்வொன்றும் அளவெடுத்தது போல விழுந்தது. அவ்வழியே போன ஹாஜி நின்றார், குனிந்து தையலைப் பார்த்தார், போய்விட்டார். மறுவாரம் கார்மேகத்துக்குப் பழுது அறையில் ஒரு மணையும் ஒரு கொக்கி ஊசியும் கிடைத்தன. பாரசீகக் கம்பளங்களை நாலு தலைமுறையாகப் பார்த்த குடும்பத்து ஹாஜி, ஆளைத் தேர்ந்தெடுத்தது மிளகாய்ச் சாக்குத் தையலை வைத்து.

அது 2005 ஏப்ரல். ஜூலையில் இத்தோ வந்தாள்.

இத்தோ மொராக்கோக்காரி. அட்லஸ் மலைப்பக்கம், அமாஸிக் இனத்துப் பெண். நாலு கடை தள்ளி இருந்த தையல் கடையில் கஃப்தான் என்ற நீள அங்கி தைப்பவள். அரபியை மலைக்காரியாகவும், இந்தியை சத்வாக்காரியாகவும் பேசுவாள். ஒரு கம்பளத்தைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்து, பழுது அறையில் இறக்கினாள். ஒரு மூலையில் முக்கோணமாகக் கருகியிருந்தது.

"இஸ்திரிப் பெட்டி விழுந்துடுச்சு பாய்," என்றாள் இந்தியில். "இதைச் சரிபண்ணி, கழுவிக் கொடுக்கணும். இருபதாம் தேதி ஊருக்குப் போறேன். எங்க அம்மா நெய்தது. அவளுக்கு இப்போ ரெண்டு கண்ணும் தெரியலை. கம்பளத்தைக் கொண்டா, தொட்டுப் பார்க்கணும்னு ஆறு மாசமாக் கேட்கிறா."

அவள் போனதும் நெய்னா விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "என்னா கார்மேகம், கோணலும் மாணலுமா இருக்கு. நாலு கட்டம் நேரா இல்லையே."

கார்மேகத்துக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பாரசீகக் கம்பளத்தில் இடப்பக்கம் ஒரு பூ இருந்தால், வலப்பக்கம் அதே பூ கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். இங்கே சாய்சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருந்தன, ஆனால் ஒன்று போல் ஒன்று இல்லை. நடுவில் வளைந்து நெளிந்து ஒரு கோடு. ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசைகள்.

வழக்கப்படி முதுகுப்புறம் திருப்பினார். அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் வைத்து அழுத்தித் தேய்த்தார். கழுவும் முன் செய்தே ஆகவேண்டிய சோதனை அது. ரசாயனச் சாயம் என்றால் பெரும்பாலும் துணியில் அப்பிக்கொள்ளும். சிவப்பின் மேல் தேய்த்தார். துணி வெள்ளையாகவே வந்தது. நீலத்தின் மேல் தேய்த்தார். வெள்ளை. மஞ்சள், பழுப்பு எதுவும் துணிக்கு ஒரு பொட்டுகூடக் கொடுக்கவில்லை. கறுப்பு இருந்த இடங்களில் மட்டும் கம்பளி தேய்ந்து பள்ளமாகி, சிவப்பும் நீலமும் அதைச் சுற்றி மேடாக நின்றன. இரும்புத் துரு ஊறிய தண்ணீரில் கறுப்பேற்றினால் அந்தக் கறுப்பே வருஷக்கணக்கில் இழையை அரித்துவிடும் என்று கார்மேகம் கேள்விப்பட்டிருந்தார். இப்போது விரலால் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் படம் தெரிந்தது.

சிவப்பு மஞ்சிட்டி வேரின் சிவப்பு. நீலம் அவுரி. பழுப்பு மருதாணியாக இருக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தருகிற சாமான்கள், எங்கோ ஒரு மலையில், ஒரு பெண்ணின் அடுப்பில் கொதித்து, முப்பது வருஷமாக நிறம் மாறாமல் உட்கார்ந்திருந்தன. கார்மேகம் வெள்ளைத் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"இதுல எல்லாத்துக்கும் அர்த்தம் உண்டு," என்றார் நெய்னா. "சாய்சதுரம் கண்ணு. கண்ணேறு படாம இருக்க. இந்த நெளிகோடு தண்ணி."

"போன வாரம் வெள்ளைக்கார அம்மாகிட்ட நெளிகோடு பாம்புன்னு சொன்னீங்களே பாய்."

"அந்தம்மாவுக்குப் பாம்பு பிடிச்சிருந்துச்சு. ஜெர்மன்காரருக்கு அதே கோடு மலைப்பாதை. மூணும் உண்மைதான். ஒரு கோட்டுக்கு ஒரே அர்த்தம்னு யாருப்பா சொன்னா?"

ஆராய்ச்சியாளர்களும் ஏறத்தாழ இதையே அடிக்குறிப்புகளோடு செய்கிறார்கள் என்பது நெய்னாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கருகிய மூலையை மூன்று நாளில் கார்மேகம் சரிசெய்தார். எங்கே பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொன்ன வேலைக்கு மேல் ஒரு வேலை செய்து கொடுக்காவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. முற்றத்தில் இருந்தபோதும் கம்பளத்தைக் கழுவச் சொன்னால், குஞ்சத்தையும் சிக்கெடுத்துச் சீவி வைப்பார். முதலாளி கேட்காமலே நல்லது செய்வது நம்மவர்கள் வளைகுடாவுக்கு விசாவோடு கூடவே கொண்டுபோகிற பழக்கம்.

ஏழாவது வரிசையில் ஒரு சாய்சதுரம் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கீழ்ப்பாதி சிவப்பு. மேலே இடப்பக்கக் கோடு மட்டும் மஞ்சளாக ஏறியது. வலப்பக்கக் கோடு இல்லவே இல்லை. அந்த இடம் வெறும் வெள்ளைக் கம்பளி. கதவு சாத்தாத வீடு மாதிரி நின்றது. மற்ற அத்தனை சாய்சதுரமும் சிவப்பாக மூடியிருக்க, இது மட்டும் ஏன்? நெய்தவள் அசந்துபோயிருக்க வேண்டும். பாவம், மகளாவது பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மஞ்சள் முடிச்சுகளைக் கொக்கி ஊசியால் பிடுங்கினார். பழக்கதோஷத்தில் எண்ணவும் செய்தார், ஐம்பத்தெட்டு. அந்த இடத்தில் சிவப்பைக் கட்டினார். வலப்பக்கத்து வெள்ளையையும் எடுத்துவிட்டுச் சிவப்புக் கோடு போட்டு மூடினார். நெய்னா வந்து பார்த்து, "இப்பதான்யா கம்பளமா இருக்கு," என்றார். மாலையில் கழுவி முற்றத்தில் காயப்போட்டார்கள். முற்றத்துக்காரர்கள் பழுது அறையையும் கூட்டிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை இத்தோ வந்தாள். கருகிய மூலையைத் தேடினாள், கிடைக்கவில்லை, சிரித்தாள். பிறகு மண்டியிட்டு, கண்ணால் பார்க்காமலே, ஏழாவது வரிசைக்குக் கையை நீட்டினாள். கை அங்கேயே நின்றது.

"இங்கே இருந்த மஞ்சள் எங்கே?"

கார்மேகம் பெருமையோடுதான் சொன்னார். "தப்பா இருந்துச்சு மேடம். சரிபண்ணிட்டேன். அதுக்குத் தனியா எதுவும் வேண்டாம்."

இத்தோ கத்தவில்லை. கத்தியிருந்தால் கார்மேகத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நெய்னா வியாபாரத்தைக் காப்பாற்ற முன்வந்தார். "சிஸ்டர், எனக்குத் தெரியும். கெட்ட ஆவி வெளியே போறதுக்கு விட்ட வாசல் அது, இல்லையா?"

"ஆவியும் இல்லை, ஒண்ணும் இல்லை," என்றாள் இத்தோ. "சிவப்பு தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான். பனி கொட்டி வழி அடைச்சுக்கிச்சு, வேர் விக்கிறவன் வரலை. வீட்டுல மாதுளைத் தோல் கிடந்துச்சு, அதை வேகவெச்சு மஞ்சள் போட்டா. இடப்பக்கக் கோடு முடியறப்போ வலி வந்துடுச்சு. தறிக்குப் பக்கத்துலயே என்னைப் பெத்தா. நாப்பது நாள் கழிச்சுத் திரும்பித் தறியில உட்கார்ந்தப்போ, அந்த வலப்பக்கத்தை முடிக்க அவளுக்கு மனசு வரலை. வெள்ளையாவே விட்டுட்டு மேலே போயிட்டா."

இத்தோ அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"எங்க அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எனக்குப் பிறந்த தேதியும் கிடையாது. பாஸ்போர்ட்ல இருக்கிறது ஆபீஸ்காரன் போட்டது. நான் எப்போ பிறந்தேன்னு கேட்டா, அவ என் விரலைப் பிடிச்சு இந்த இடத்துல வெப்பா. இப்போ கண்ணும் இல்லை. முதல்ல இங்கேதான் தொடுவா, பாய்."

கார்மேகம் கம்பளத்தைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் மூன்று அர்த்தம் சொல்லுகிற கடையில் அர்த்தமே இல்லாத ஒரு கோணல் இருந்தது. அதில்தான் ஒரு ஆள் பிறந்த நாள் இருந்தது. அதை அவர் அழகுபடுத்திவிட்டார்.

ஹாஜி விஷயத்தைக் கேட்டுத் தாடியைத் தடவினார். "இன்னும் ஒன்பது நாள். இருந்தபடி ஆகணும். ஆகலைன்னா முற்றம். கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

முற்றம் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை என்பதுதான் கார்மேகத்துக்கே ஆச்சரியம். அந்தக் கண் தெரியாத கை வந்து ஏழாவது வரிசையில் தடவி, மூடிய கதவில் முட்டிக்கொண்டு நிற்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

பிடுங்கிய மஞ்சளைத் தேடினார். பழுது அறையில் ஒரு சட்டம் உண்டு: பிடுங்கிய இழையைத் தகர டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். தப்பைத்தானே பிடுங்குகிறோம் என்று அவர் போடவில்லை. கூட்டியது குப்பை லாரியில் ஏறிப்போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மணையைப் புரட்டினார், தரையைத் தடவினார். கடைசியில் முடிச்சுகளைத் தட்டி இறுக்கும் இரும்புச் சீப்பின் பற்களுக்கிடையில் மூன்று கிடைத்தன. மூன்றே மூன்று மஞ்சள் குஞ்சுகள். சட்டைப்பையிலிருந்த வெள்ளைத் துணியில் வைத்து முடிந்துகொண்டார்.

மிச்சம் ஐம்பத்தைந்தை உண்டாக்க வேண்டும். கடையில் இருந்த மஞ்சள் கம்பளி எல்லாவற்றையும் அந்த மூன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் பல்லைக் காட்டின.

"அந்தம்மாவுக்குக் கண்ணே தெரியாதேப்பா," என்றார் நெய்னா. "எந்த மஞ்சளா இருந்தா என்ன? பச்சையே கட்டினாலும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல பாய்."

நெய்னா அவரை ஒரு மாதிரி பார்த்தார். விற்பனைத் துறையில் இப்படி ஒரு வாதத்தை அவர் கேட்டதில்லை.

தெருமுனை ஜூஸ் கடையில் மாதுளைத் தோலை மூட்டையாகத் தூக்கிப் போடுவார்கள். கடைக்கார மலையாளி, எதற்கு என்று கேட்டார். கார்மேகம் வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் இன்னும் நேரம் ஆகும். சாயம் கம்பளியைப் பிடித்துக்கொள்ளப் படிகாரம் வேண்டும் என்று இத்தோ சொல்லியிருந்தாள். அது சலூனில் கன்னத்தில் தேய்க்கிற சாமான், மளிகைக் கடையிலேயே கிடைத்தது. எந்திரத்தில் நூற்ற கம்பளி வழுவழுவென்று ஒரே சீராக இருக்கும். அந்தக் கை கண்டுபிடித்துவிடும். ஆகவே பழைய கிழிசல் கம்பளங்களின் மூட்டையைக் கவிழ்த்து, கையால் நூற்ற, தடித்தும் மெலிந்தும் ஓடுகிற வெள்ளை இழையாகப் பார்த்துப் பிரித்தெடுத்தார்.

ரூமில் எட்டுப் பேர், ஒரு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, சமையல் முறைக்காரரிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் வாங்கி, அங்கிருந்த இரும்புச் சட்டியில் தோலைக் கொதிக்கவிட்டு, படிகாரத்தில் ஊறிய கம்பளியைப் போட்டார். மஞ்சள் வரவில்லை. சேற்றுப் பச்சையாகத் தொடங்கி, அரைமணியில் எருமைக் கறுப்பாக நின்றது. மாதுளையின் துவர்ப்பும் சட்டியின் இரும்பும் சேர்ந்துகொண்டன. கம்பளத்தில் கறுப்பு எப்படி வந்தது என்று அவருக்கு அப்போது புரிந்தது. அறிவு வளர்ந்தது, மஞ்சள் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி போன் கார்டில் ஊருக்குப் பேசினார். மனைவி கனகா முழுக்கதையையும் கேட்டாள்.

"நம்ம வீட்டுக் கொல்லைக் கதவு சாத்த மாட்டேங்குதுன்னு மூணு லீவா சொல்றேன். அதைச் சரிபண்ண உங்களுக்கு நேரமில்ல. யார் வீட்டுக் கதவையோ கேக்காமக் கொள்ளாம அடைச்சிட்டு வந்து நிக்கிறீக."

"தெரியாமச் செஞ்சுட்டேன் கனகா."

"தெரிஞ்சு செஞ்சிருந்தா ரெண்டு வசவோட விட்ருப்பேன்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அதற்கும் கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. "அந்தப் பிள்ளையப் பெத்தவ விரல வச்சுக் காட்டுவான்னு சொன்னீகளே... இரும்புச் சட்டி ஆகாதுன்னா அலுமினியத்துல வைங்க. புளிக்கொழம்ப இரும்புல வச்சா நெறம் என்னாகும்னு தெரியாத ஆளா நீங்க?"

திங்கட்கிழமை, அலுமினியப் பாத்திரம். தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல், கம்பளி சுருங்காமல், இளஞ்சூட்டில் வைத்து மரக்கரண்டியால் மெல்லத் திருப்பினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இழையின் மடிப்புகளில் லேசாக ஒரு பழுத்த நிறம் ஊறியது. ரூமில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைக் கம்பளி, குப்பைத் தோல், சலூன் கல். மூன்றிலும் மஞ்சள் இல்லை. ஆனால் பாத்திரத்துக்குள் மஞ்சள் இருந்தது. கார்மேகம் இழையைத் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் வடிய வடிய நிறம் உள்ளேயே தங்கியது. கேலி பேச வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள்.

ஆனால் அந்த மூன்றின் பக்கத்தில் வைத்தால் இது புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. முப்பது வருஷத்து மங்கலுக்கு எங்கே போவது? முற்றத்துக்குத்தான். இழைகளை நனைத்து, ஜூலை மாதத்து துபாய் வெயிலில் கட்டினார். காய்ந்ததும் மறுபடி நனைத்தார். ஐந்து கோடை தன் முதுகை வறுத்த சூரியனிடம், வாழ்க்கையில் முதல் முறையாக, இன்னும் கொஞ்சம் என்று கேட்டார். நாலாம் நாள் மதியம் பழைய மஞ்சளும் புது மஞ்சளும் உள்ளங்கையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எது எது என்று ஒரு கணம் குழம்பினார். அந்த ஒரு கணம் போதும் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கட்டினார். சிவப்பை ஒவ்வொன்றாக எடுத்து, வலப்பக்கத்து வெள்ளையைத் திரும்ப வைத்து, கதவைத் திறந்துவிட்டார். இடப்பக்கத்தில் ஐம்பத்தைந்து புது முடிச்சுகள், அவற்றுக்கிடையில் அந்த மூன்று பழைய முடிச்சுகள். ஒன்றை உச்சியில் கட்டினார். இரண்டைக் கீழே, சிவப்பு முடிந்து மஞ்சள் தொடங்கும் இடத்தில் சேர்த்துக் கட்டினார். எங்கே கட்டினார் என்று நெய்னாவிடமும் சொல்லவில்லை, இத்தோவிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தார். கத்தரியால் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குச் சீராக்கினார்.

பத்தொன்பதாம் தேதி இத்தோ வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அதே மாதிரி இருக்கு," என்றாள். அது பாராட்டா, இல்லை வேறு ஏதாவதா என்று கார்மேகத்துக்குத் தெரியவில்லை. அவள் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். ஹாஜி மணையைக் காட்டி, உட்கார் என்று கையசைத்தார். கார்மேகம் உட்கார்ந்தார். ஏசி ஓடியது. ஆனால் அந்த ஒரு மாதமும் அவர் கை எந்தக் கம்பளத்திலும் நேராக ஓடவில்லை. ஒவ்வொரு கோணலிலும் யாரோ பிறந்திருப்பது போல இருந்தது.

ஆகஸ்ட் முடிவில் இத்தோ திரும்பினாள். கம்பளத்தைக் கொண்டுவரவில்லை, அம்மா தர மறுத்துவிட்டாள். கடையில் கூட்டமில்லை. நெய்னாவும் உள்ளே வந்து நின்றுகொண்டார்.

"தொட்டாங்களா?" என்றார் கார்மேகம்.

"முதல்ல அங்கேதான் தொட்டா. அந்தக் கோட்டை ரெண்டு தடவை தடவினா. அப்புறம், இதை யார் கட்டினதுன்னு கேட்டா."

கார்மேகம் கொக்கி ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லவே இல்லை பாய். சத்தியமா. அவளா சொன்னா. இது ஆம்பளைக் கை, நெசவுக்காரன் கை இல்லை, மூட்டை கட்டுற கை. முடிச்சு எல்லாம் இறுகிக் கிடக்கு, பயந்துக்கிட்டே கட்டியிருக்கான், அப்படின்னா."

நெய்னா குனிந்து கார்மேகத்தின் கையைப் பார்த்தார்.

"நான் நடந்ததைச் சொன்னேன். அவ சிரிச்சா. அப்புறம் மறுபடி ஒவ்வொண்ணாத் தடவினா. ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியில, இதுல மூணு மட்டும் என்னோடது, மத்ததெல்லாம் அவனோடதுன்னு சொன்னா." இத்தோ தலையைச் சாய்த்தாள். "அது எனக்குப் புரியலை. நீங்க எல்லாத்தையும் புதுசாத்தானே கட்டினீங்க? வயசாயிடுச்சு, ஏதோ சொல்றான்னு நினைச்சேன். ஆனா என் விரலைப் பிடிச்சு மூணு இடத்துலயும் வெச்சா."

அவள் பையிலிருந்து தையல் சாக்குக்கட்டியை எடுத்தாள். கார்மேகத்தின் மணைக்கு முன்னால் தரையில் ஒரு சாய்சதுரம் வரைந்தாள், வலப்பக்கம் மேலே திறந்தது. இடப்பக்கக் கோட்டில் மூன்று புள்ளி வைத்தாள். ஒன்று உச்சியில். இரண்டு கீழே, சேர்ந்தாற்போல.

கார்மேகம் சட்டைப்பையைத் தொட்டார். வெள்ளைத் துணி அங்கேதான் இருந்தது. அதில் இப்போது எதுவும் இல்லை. அறையில் அந்த மூன்று இடங்களையும் தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். இல்லை, இப்போது மலைமேல் இன்னொருவரும் இருந்தார்.

"சரியா?" என்றாள் இத்தோ.

கார்மேகம் தலையாட்டினார்.

"மத்த அம்பத்தஞ்சைப் பிடுங்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார் நெய்னா, மெல்ல.

"வேண்டாம்னுட்டா. அந்த இடத்துல முதல்ல நான் வந்தேன், இப்போ இவனும் வந்துட்டான், இருக்கட்டும்னா."

முன்பக்கம் கதவு மணி அடித்தது. யாரோ வாடிக்கையாளர். ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று அர்த்தம் கைவசம் வைத்திருந்த நெய்னா முகம்மது உடனே போகவில்லை. தரையில் இருந்த சாக்குக்கட்டிக் கோட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். முன்னால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், இந்த சாய்சதுரத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்பது உள்ளே கேட்டது.

கார்மேகம் காதைத் தீட்டிக்கொண்டார். நெய்னா ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை.